பிறவினை

ரொசாரியோ நகரம். ரயில்வே ஊழியர் மன்றத்தின் பின்தெரு.
எண்பத்து நான்கு மார்ச், வெக்கை இன்னும் இறங்கவில்லை.
எவாரிஸ்டோ பெரால்டா, வாரநாட்களில் தபால் முத்திரை குத்துகிறவர்,
சனிக்கிழமை மட்டும் வித்தைக்காரர்,
சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி
ஒரு பிறந்தநாள் வீட்டின் பதினோரு பிள்ளைகளுக்கு
உள்ளங்கை காட்டுகிறார்:
இங்கே ஒன்றுமில்லை,
அங்கேயும் ஒன்றுமில்லை.

ஒரு பேசோ நாணயம்.
மூடிய விரல்கள். ஓர் ஊதல்.
“தெசப்பரேசியோ!”
மறைந்துபோச்சு!

பிள்ளைகள் கை தட்டினார்கள்.
பெரியவர்களில் ஒருவர் குளிர்பெட்டியைத் திறந்து
எதையும் எடுக்காமல் மூடினார்.
சமையலறை வாசலில் எம்பனாதாத் தட்டுடன் நெலிடா
முன்னே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.

எட்டு வருடமாய் அந்தச் சொல்லைத் தாண்டியே வந்தவர் அவர்,
வாசற்படியில் படுத்திருக்கும் நாயைத் தாண்டுவதுபோல.
“பறந்துபோச்சு” என்பார். “உலாவப் போயிருக்கு” என்பார்.
அன்று
கால் பட்டுவிட்டது.

கை கழுவ உள்ளே போனவரிடம்
குழாயை அவளே திறந்துவிட்டுச் சொன்னாள்:
“என் தம்பி ஒஸ்வால்தோவைத் தேடி
நான் ஏறாத அலுவலகம் கிடையாது.
ஒவ்வொரு ஜன்னலிலும் ஒருவன் கையை விரித்தான்.
இங்கே ஒன்றுமில்லை, அங்கே போய்க் கேள்.
உங்களைவிட நன்றாகச் செய்தார்கள், ஐயா.
சட்டைக் கையைச் சுருட்டக்கூட இல்லை.”

“அது வெறும் தொழில் வார்த்தை…”

“தெரியும். ஆனால் இலக்கணத்தைப் பாருங்கள்.
மறைந்தான். யாரும் எதுவும் செய்யவில்லை,
அவனாகவே மறைந்தான், மூடுபனி மாதிரி.
நான் மனுவில் எழுதினேன்: அவனை மறைந்தார்கள்.
குமாஸ்தா சிவப்பில் சுழித்தான், பிழை என்று.
பிழைதான்.
அப்படியே இருக்கட்டும் என்றேன்.”

இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு
ஓர் ஒற்று மாறினால் போதும்.
மறைந்தான், மறைத்தான்.
மெல்லினம் போய் வல்லினம் வந்து உட்காரும்.
இருந்தும் நம் நாளிதழ் ‘வாலிபர் மாயம்’ என்றே போடுகிறது,
செய்தவன் பெயரைக் கேட்காத சொல்லாய்ப் பார்த்து.

அன்றிரவு பெரால்டா பழைய அகராதியை எடுத்தார்.
எஸ்கமோத்தியார்: விரலிடுக்கில் ஒளித்தல்.
அடுத்த வரியில், திருடுதல்.
த்ராம்பா: வித்தையின் சூட்சுமம், மேடைக்கு அடியில் திறக்கும் கதவு,
எலிப்பொறி.
இலுசியோன்: இல்லாததை இருப்பதாய்க் காணல்.
வரப்போகிறவருக்காக மனம் துள்ளுவதும் அதுவே.
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தவன்
என்ன கஞ்சனோ.
நெலிடா அதை எந்தப் பொருளில் சொல்வாள் என்று
யோசிக்கப் போனவர்
அகராதியை மூடிவிட்டார்.

வித்தைக்காரன் திருடன் அல்ல, இவ்வளவுதான் வித்தியாசம்:
எடுத்ததை அவன் உன் காதுக்குப் பின்னாலிருந்து
எடுத்துத் தந்தாக வேண்டும்,
நீ வீட்டுக்குப் போவதற்குள்.

அடுத்த சனி, ஆற்றங்கரைப் பக்கம் வேறொரு வீடு.
நாணயம். விரல்கள். ஊதல்.
சொல் வரவேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமி,
“நான் ஒளித்துவிட்டேன்,” என்றார்.

கைதட்டல் இல்லை.
“எங்கே?” என்றான் ஒருவன்.
“குடு!” என்றான் இன்னொருவன்.
பிறகு எல்லாரும் எழுந்துவந்து
மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினார்கள்,
பைகளைக் கவிழ்த்தார்கள்,
கைக்குட்டைகள், ஒரு முட்டை, மூன்றாவது சீட்டுக்கட்டு,
இருபது வருட ரகசியம் முழுக்கத் தரையில்.
வீட்டுக்காரர் பாதிக் கூலிதான் தந்தார்.

நாணயம் மோதிரவிரலுக்கு அடியில்தான் இருந்தது.
கொடுத்துவிட்டார்.

அப்போதும் நம்பாத ஒரு சிறுமி,
முன்பல் விழுந்தவள்,
மற்ற கையையும் திறக்கச் சொன்னாள்.

திறந்தார்.